பெண்டாங் வயலில் கிடைக்காத கிளாம்ப்

இன்று காலை அலோர் ஸ்டார் விமான நிலையத்தில் படி இறங்கும்போது அந்த வாசம் வந்தது. பக்கத்தில் நின்ற விமானத்துக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இறங்கிய பெண் தலையில் சுற்றியிருந்த தூடோங் நுனியால் மூக்கை மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் படியின் அடியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங்கில் நாம் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தபோது, வேலை முடிந்து நீ கதவைத் திறந்தாலே அறை முழுக்க இந்த வாசம்தான். "மண்ணெண்ணெய்க் கடைக்காரி வந்துட்டா" என்று நான் ஜன்னலைத் திறப்பேன். நீ சட்டைக் கையை என் மூக்குக்கு நேராக நீட்டுவாய். "நல்லா மோந்துக்கடி. இதான்லா நம்ம சோத்து வாசம்."

நீ போய் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை. பேச வேண்டும் என்றுதான் தோன்றும். போனை எடுத்து உன் பெயர் வரை போய்விட்டுத் திரும்புவேன். இன்று ஒரு விசாரணைக்காக இங்கே வந்தேன். வேலை மதியத்தோடு முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் விமானம் மாலையில்தான். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பாடாங் செராய் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் உன்னை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என் அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார்கள். உன் அத்தாவுக்கு டவுனில் சாப்பாட்டுக் கடை. நீ கொண்டுவரும் ரொட்டிக்கு நான் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன் என்று எல்லாரிடமும் சொல்வாய். உண்மையில் கணக்கில் நீதான் கெட்டிக்காரி. பிறகு நீ விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போனாய், நான் உலோகவியல் எடுத்தேன். நீ உரிமம் பெற்ற பொறியாளர் ஆனாய். நான் விமான விபத்துகளை விசாரிக்கும் அரசாங்கப் பிரிவில் சேர்ந்தேன். "நீ ஒடஞ்சத பாக்குறவ, நான் ஒடையாம பாக்குறவ. உனக்கு வேலை வந்தா எனக்கு ஆபத்து" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறது. அப்போது நமக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

எனக்கு அந்த வேலை வந்தது ஒரு புதன்கிழமை.

காலையில் அலோர் ஸ்டாரிலிருந்து சுபாங்குக்குக் கிளம்பிய சிறிய ஜெட் விமானம். அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். மேலே ஏறி ஐந்து நிமிடத்தில் இடது என்ஜினில் தீ. விமானிகள் எண்ணெயை நிறுத்தி, என்ஜினை அணைத்து, தீயணைப்புக் குப்பிகள் இரண்டையும் திறந்துவிட்டு, வந்த வழியே திரும்பி இறங்கினார்கள். ரன்வேயிலேயே எல்லாரையும் இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பெண்டாங்கைச் சேர்ந்த நெல் விவசாயி ஒருவர், வயதானவர், இறக்கை வழியாக இறங்கும்போது வழுக்கித் தரையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அன்று மதியமே எங்கள் குழு வந்து சேர்ந்தது. தலைவர் என்சிக் ரோஸ்லான். பிறகு அவரை உனக்கு நன்றாகத் தெரிந்துபோனது.

என்ஜினின் கீழ் மூடி எரிந்து, பாதிக்கு மேல் காணோம். மேலே இருந்தபோதே கழன்று விழுந்திருக்கிறது. உள்ளே எல்லாம் கரி. தேடித் தேடி, விரல் பருமன்கூட இல்லாத ஓர் எரிபொருள் குழாயில் விரிசலைக் கண்டுபிடித்தேன். வெட்டி எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, முறிந்த இடத்தில் வரிவரியாக இருந்தது, அலை ஒதுங்கிய மணலைப்போல. ஒரே நாளில் உடைந்ததில்லை. வாரக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்திருக்கிறது. அதிலிருந்து சீறிய எண்ணெய் சூடான உலோகத்தில் பட்டுத் தீப்பிடித்திருக்கிறது. அந்தக் குழாய் அதிராமல் இருக்க, ரப்பர் உறை போட்ட ஓர் உலோகப் பட்டை அதைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். நீங்கள் கிளாம்ப் என்பீர்கள். அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

தீயில் கழன்று விழுந்ததா, அல்லது முன்பே இல்லையா? அதுதான் கேள்வி. கீழ் மூடியின் துண்டுகள் பெண்டாங் பக்கத்து வயல்களில் விழுந்திருந்தன. நாற்று நட்டு இரண்டு வாரம். முழங்கால் அளவு தண்ணீர். கிராமத்து ஆட்கள் எங்களோடு வரிசையாக நின்று சேற்றைக் கையால் துழாவினார்கள். காந்தக் கட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்தோம். பழைய அரிவாள், சைக்கிள் சங்கிலி, உடைந்த உழவு இயந்திரப் பல் எல்லாம் வந்தன. கிளாம்ப் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பராமரிப்புப் பதிவேடுகள் வந்தன. ஆறு வாரத்துக்கு முன் அந்தக் குழாய்க்குப் பின்னால் இருந்த ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். வேலை அட்டையின் கடைசியில் கையெழுத்து. பெயரைப் படிக்கவே தேவையில்லாமல் இருந்தது. அந்தக் கையெழுத்தை இரண்டாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன்; கடைசி எழுத்தின் வாலை நீ இழுத்து மேலே வளைப்பாய்.

உடனே என்சிக் ரோஸ்லானிடம் போனேன். "இது என் கூட்டாளி. சின்ன வயசிலிருந்து" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சொன்னது நல்லது. இனி நீ ஆட்கள் பக்கம் வராதே. உலோகத்தோடு மட்டும் இரு. அவளோடு இந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே" என்றார். சரி என்றேன். அப்படிச் சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்த நேரத்தில் உன் போன் வந்தது. கம்பெனி உன்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது, நீ பாடாங் செராய்க்கு வந்துவிட்டாய் என்றாய். "கோலா கெடாவுக்கு வர்றியா? நான் காடி எடுத்துக்கிட்டு வர்றேன். வீட்ல பேச முடியல."

வந்திருக்கக் கூடாது. வந்தேன்.

ஆற்று முகத்துவாரத்தில், லங்காவிக்குப் போகும் படகுகள் கிளம்பும் துறைக்குப் பக்கத்தில், ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நீ இறால் போட்ட மீ நூடுல்ஸ் கேட்டாய். வந்ததைத் தொடவில்லை. மூன்று நாளில் உன் கண்கள் உள்ளே போயிருந்தன.

"விமலா, அந்த வால்வ நான்தான் மாத்துனேன்."

"தெரியும்."

"கை உள்ள போகணும்னா அந்தக் கிளாம்ப கழட்டணும். கழட்டுனேன். கழட்டி, துணி மேல வச்சேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. திருப்பி மாட்டுனது ஞாபகம் இல்ல."

"மாட்டியிருப்ப."

"மாட்டியிருப்பேன். எப்பவும் மாட்டுவேன். ஆனா கண்ண மூடிப் பாத்தா, துணி வருது, கிளாம்ப் வருது. என் கை வரமாட்டேங்குதுடி."

"ஆறு வாரத்துக்கு முந்தின வேலை. யாருக்குதான் ஞாபகம் இருக்கும்?"

"அட்டையில அதுக்குத் தனியா ஒரு வரி இல்ல. வால்வ கழட்டு, வால்வ மாட்டு, கசிவு பாருன்னுதான் இருக்கு. வரி இருந்தா டிக் பண்ணியிருப்பேன். டிக் இருந்தா இப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அப்புறம் நான் பேசினேன். அந்த வார்த்தைகளை நான் மாற்றாமல் எழுத வேண்டும், இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "இங்க பாரு. அந்தக் கிளாம்ப் கிடைக்கல. மூடி எரிஞ்சு வயல்ல விழுந்துருச்சு. அது இருந்துச்சா இல்லையான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. நீயா போயி மாட்டிக்காத. கேட்டாங்கன்னா அட்டையில இருக்குறத செஞ்சேன்னு மட்டும் சொல்லு. சும்மா இருடி."

ஒரு படகு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. அதன் அலை வந்து கட்டையில் மோதி அடங்கும்வரை நீ ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இப்ப நீ கூட்டாளியா பேசுறியா, ஆப்பீஸ் ஆளா பேசுறியா?"

"கூட்டாளியாதான்."

"சரிலா" என்றாய். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் வேறு ஏதோ பேசினோம். உன் அண்ணன் மகள் பள்ளியில் பூப்பந்து விளையாடுவதைப் பற்றி. உன் முகம் தெளிந்திருந்தது. நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்பினேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

நீ நேராக வீட்டுக்குப் போகவில்லை என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். அலோர் ஸ்டார் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். அந்த விவசாயி படுத்திருந்த வார்டைக் கேட்டுக் கண்டுபிடித்து, ஆரஞ்சுப் பழப் பையோடு அவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாய். மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று பார்க்கக் கிளம்பியவர். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். நீ யார், எந்த அட்டையைப் பார்த்து என்ன வேலை செய்தாய் என்று சொன்னதும் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நீ எழுந்து போகவில்லை. வெகு நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டாராம். அவர் பேசியது மலாய். எனக்கு நீ சொன்னது நம் தமிழில்.

"இதே வேலைய வேற பறக்குற கப்பல்லயும் செஞ்சியா?"

"நான் செய்யல பாக் சிக். மத்தவங்க செஞ்சிருப்பாங்க."

"அதே அட்டைய பாத்துத்தானா?"

"ஆமா."

அப்போதுதான் அவர் முகத்தைத் திருப்பி உன்னைப் பார்த்தாராம். "அப்ப ஏம்மா இங்க உக்காந்திருக்க?"

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. காலை எட்டரை மணிக்கு நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலில் விசாரணைக்காக எடுத்திருந்த அறை வாசலில் நீ நின்றாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. பாலில்லாத காப்பி ஓ கோப்பையோடு வந்த நான் உன்னைப் பார்த்ததும் அப்படியே நின்றேன். நீ தலையை மட்டும் அசைத்தாய், கடையில் தெரிந்தவர்களைப் பார்த்தால் அசைப்பதுபோல. என்சிக் ரோஸ்லான் கதவைத் திறந்து உன்னை உள்ளே கூப்பிட்டார். மூன்று மணி நேரம் கதவு மூடியே இருந்தது. நான் என் அறையில், வெட்டி எடுத்த குழாய்த் துண்டுகளின் படங்களை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். உனக்காகப் பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எனக்காகவும் பயந்தேன்.

அன்று மாலை போன் செய்தாய்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். கழட்டுனது, வச்சது, ஞாபகம் இல்லாதது."

நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"இதப் பத்தி வேற யார்கிட்டயாவது பேசுனியான்னு கேட்டாரு. பேசுனேன்னு சொன்னேன். யாருன்னு கேட்டாரு. அத அவங்களே வந்து சொல்லுவாங்கன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பொய் சொல்ல வரல. உம் பேரச் சொல்லவும் வரல. நீயே போயி சொல்லிடு விமலா."

கோபம் வந்தது எனக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னைக் காப்பாற்ற வந்தவளை நீ மாட்டிவிட்டாய் என்று கோபம். அன்று முழுக்க அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டேன். மறுநாளும் வைத்துக்கொண்டேன். என்சிக் ரோஸ்லான் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பசியாற உட்காரும்போது என் பக்கம் ரொட்டித் தட்டை நகர்த்தி வைப்பார், எப்போதும்போல. அவருக்கு யாரென்று தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் காத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் முன்னால் போய் நின்று கோலா கெடாவில் சொன்னதை அப்படியே சொன்னேன். தடயம் கிடைக்கவில்லை என்பதை வெளியே சொன்னது ஒரு குற்றம். சாட்சி சொல்ல வேண்டியவளை வாயை மூடச் சொன்னது இன்னொன்று. அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "உன் கூட்டாளி சொல்லாமல் விட்டிருந்தால் நாம் வயலைத்தான் தோண்டிக்கொண்டிருப்போம்" என்றார். அன்று மதியமே என்னை அந்த விசாரணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு எந்த விபத்து இடத்துக்கும் போகக் கூடாது, ஆய்வகத்தில் மட்டும் வேலை.

நீ சொன்னதை வைத்து என்சிக் ரோஸ்லான் அந்தச் சனிக்கிழமையே ஒரு வேலை செய்திருந்தார். அதே ரக விமானங்கள் எல்லாவற்றிலும், அந்த வால்வு மாற்றப்பட்ட என்ஜின்களைத் திறந்து பார்க்கச் சொன்னார். நான்காம் நாள் வேறொரு ஊரில், வேறொரு விமானக் கொட்டகையில், உன்னை அறியாத ஒருவர் வேலை செய்த என்ஜினில், கிளாம்ப் இல்லாமல் ஒரு குழாய் அகப்பட்டது. தீ இல்லை, கரி இல்லை. குழாயில் முடி அகலத்துக்கு விரிசல் விழுந்திருந்தது. அந்த விமானம் அன்று மதியம் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியது. வேறு விமானத்தின் துண்டு என்பதால், ஆய்வகத்துக்கு வந்த அதை என் கையில்தான் கொடுத்தார்கள். அதே வரிகள். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கேட்டார்கள். "ஒரு நாள்கூட இல்ல" என்றேன். எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொன்னபடி நீ சும்மா இருந்திருந்தால், அந்த விமானத்தில் ஏறியிருக்க வேண்டியவர்கள் யார் யாரோ. அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும்.

இறுதி அறிக்கை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வேலை அட்டையில் கிளாம்பைத் திருப்பி மாட்டும் வரி விடுபட்டிருந்தது என்பதைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். உன் என்ஜினில் கிளாம்ப் 'பெரும்பாலும் மாட்டப்படவில்லை' என்று இருந்தது. பெரும்பாலும். அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை, உன்னாலும்தான். அட்டையை மாற்றினார்கள். ஆனால் அறிக்கை வருவதற்கு வெகு முன்பே கம்பெனி உன்னை அனுப்பிவிட்டது. உரிமத்தையும் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

பாடாங் செராயில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? "பாய் வீட்டுப் பொண்ணுதானாம்லா, கப்பல எரிச்சது" என்று போனுக்குப் போன் போனது. நீ கடைச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு பின்னாலேயே இருந்தாயாம். ஒரு வாரம் பார்த்தார் உன் அத்தா, எனக்கு மாமா. ஒருநாள் காலையில் ஒரு நாற்காலியைத் தூக்கிக் கடை முன்பக்கம், தே தாரே டீ ஆற்றும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டார். "எம் பொண்ணு இங்க உக்காரும். யாருக்கு என்ன கேக்கணுமோ நேரா கேளுங்க" என்று சத்தமாகச் சொன்னாராம். யாரும் கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்த ஒரு அக்கா மட்டும் உன் பக்கத்தில் வந்து, "நீயா போயி சொன்னியாமே, மெய்யா?" என்று கேட்டுவிட்டு, உன் தலையைத் தொட்டுவிட்டுப் போனாராம். இதெல்லாம் உன் அண்ணன் சொன்னது. நீ சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் பாடாங் செராய்ப் பக்கமே வரவில்லை. அம்மா கேட்டபோது வேலை அதிகம் என்றேன். கடையைத் தாண்டாமல் எங்கள் வீட்டுக்கு வழி இல்லை.

விபத்து நடந்து ஐந்து மாதம் கழித்து நீதான் வந்தாய். பஸ் ஏறி, மீன் குழம்புப் பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு, புத்ராஜெயாவில் என் வீட்டு வாசலில் நின்றாய். நான் கதவைத் திறந்ததும் அழுதேன். நீ அழவில்லை. "தள்ளுடி, கொழம்பு சிந்துது" என்று உள்ளே வந்தாய்.

சாப்பிட்டு முடித்த பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் குழறிப்போயின. நீ தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாய். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாய்.

"அன்னைக்கு நீ சும்மா இருன்னு சொன்னப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. காடியில ஏறி பாதி தூரம் வரைக்கும் அந்த நிம்மதி. அப்புறம்தான் பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"இவ்ளோ சுலபமா இருக்கேன்னு. அதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒடஞ்ச காலப் பாத்தா அந்த நிம்மதி போயிரும்னு நெனச்சேன். போயிருச்சு." கை துடைத்த துணியை மடித்துவிட்டுச் சொன்னாய்: "நீ சொன்னது தப்புதான். தப்பில்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு நீ வராம இருந்திருந்தா நான் தனியா இருந்திருப்பேன்டி."

இதைவிட நேராக என்னை யாரும் மன்னித்ததில்லை. தப்பைக் குறைத்துச் சொல்லாமல் மன்னிக்க முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்துப் பினாங்கில் ஒரு பராமரிப்பு நிறுவனம் உன்னை எடுத்தது. நேர்காணலில் நீயே முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாம். கேட்டுக்கொண்டிருந்த சீனர் பைலை மூடிவிட்டு, "எப்போது வர முடியும்?" என்று மட்டும் கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாய். அடுத்த ஒன்பது வருடம் நீ என்ஜின்களோடு இருந்தாய். அந்த விவசாயி தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு ஹரிராயாப் பெருநாளுக்கும் நீ பெண்டாங் போய் வருவாய். ஒருமுறை என்னையும் கூட்டிப் போனாய். அவர் எனக்கு ஒரு பை புது அரிசி கொடுத்தார். நான் யார் என்று நீ அவரிடம் சொல்லவில்லை. "கூட்டாளி" என்று மட்டும் சொன்னாய்.

பிறகு உன் நோய். கட்டி, அறுவை, மறுபடி கட்டி. அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ படுத்திருந்த அறையில் ஒருநாள் டாக்டர் ஏதோ சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டர், நான் என்ஜின் பாத்தவ. விரிசல் எவ்வளவுன்னு நேரா சொல்லுங்க" என்றாய். அவர் சொன்னார். நீ நன்றி சொன்னாய். அவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய்; அந்தப் பிடியில்தான் நீ பயந்திருப்பது எனக்குத் தெரிந்தது. "சும்மா இருடி" என்றாய். நான் அழுதுகொண்டிருந்தேன் போல. அந்த வார்த்தையை நீ வேண்டுமென்றே சொன்னாயா, தற்செயலாக வந்ததா என்று கேட்க வாய் வரவில்லை. உன் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

உன் மய்யித்தை எடுக்கும்போது நான் பெண்களோடு வீட்டு வாசலில் நின்றேன். மாமா என்னைத் தேடி வந்து, "விமலா, நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். மகளை அனுப்பிவிட்டு அதைக் கேட்க அவரால் முடிந்தது.

இப்போது ஆட்களை விசாரிப்பது என் வேலை. என்சிக் ரோஸ்லான் ஓய்வு பெறும் முன் என் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவளை இதில் போடுகிறீர்களே என்று கேட்டேன். "அதனால்தான்" என்றார். ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்க ஆரம்பிக்கும் முன் நான் கோலா கெடாவைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஒரு காலத்தில் ஒருத்தியை வாயை மூடச் சொன்னேன், அவள் கேட்கவில்லை, அதனால் ஒரு விமானம் எரியாமல் நின்றது என்று. சுருக்கமாகத்தான் சொல்வேன். எனக்குப் பெருமை தரும் கதை இல்லை. சிலர் கேட்டுவிட்டுப் பேசுவார்கள், சிலர் பேசமாட்டார்கள். நான் சொல்வதை நிறுத்தியதில்லை.

இன்று மதியம் என் முன்னால் உட்கார்ந்தவர் சுங்கை பட்டாணிக்காரர், நம் ஆள், ஐம்பது வயது இருக்கும். விமானத்தில் பெட்டி ஏற்றும் வண்டியை ஓட்டுகிறார். ஒரு விமானத்தின் கதவோரத்தில் இருந்த நசுங்கலைப் பறந்து இறங்கிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். இடித்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. கைகளைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் உன் கதையைச் சொன்னேன்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க மேடம்?"

"தவறிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். "அவங்க பேரு என்னா?" என்றார்.

இத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், இதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை. எங்கள் அறிக்கைகளில் பெயர்கள் வருவதில்லை. நீ அதில் வெறும் 'பொறியாளர்'. நான் ஒலிப்பதிவுக் கருவியை இன்னும் ஓடவிடவில்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். உன் பெயரைச் சொன்னேன். மாமாவின் பெயரையும் சேர்த்து, முழுப் பெயராக. அவர் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எழுதிக்குங்க மேடம்" என்றார். "நான்தான்."